பூட்டு பெட்டிக்கு, கதவுக்கு இல்லை: வீட்டிலேயே ஒரு கிறிஸ்துமஸ் எஸ்கேப் ரூம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் நம்ம குமரி மாவட்டத்து வீடுகளில் ஒரு நேரம் வரும். இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலைக் கட்டி முடித்தாயிற்று. வாசலில் ஸ்டார் தொங்குகிறது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் டின்னில் ஏறிவிட்டன. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே மழை. உள்ளே ஆளுக்கொரு போன். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்கேப் ரூம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு குழு ஓர் அறைக்குள் போகும். அங்கே ஒளித்து வைத்திருக்கும் துப்புகளைத் தேடி, புதிர்களை விடுவித்து, பூட்டுகளைத் திறந்து, குறித்த நேரத்துக்குள் வெளியே வர வேண்டும். கணினியில் ஆடிக்கொண்டிருந்த இந்த விளையாட்டை ஜப்பானின் கியோட்டோ நகரில் 2007-இல் டக்காவோ காட்டோ என்பவர் நிஜ அறைக்குக் கொண்டுவந்தார். இப்போது உலகம் முழுக்கப் பெருநகரங்களில் காசு கட்டி ஆடுகிறார்கள். பெரும்பாலும் 60 நிமிட ஆட்டம். நமக்கு ஒரு ஹாலும் ஒரு பெட்டியும் போதும். எனக்குப் பூட்டு, டார்ச், அட்டை எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

முதலில் கதவு

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆள் இருக்கும் அறையின் கதவைப் பூட்டவே கூடாது. 2019 ஜனவரி 4 அன்று போலந்து நாட்டின் கோஷாலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாட வந்த 15 வயதுப் பெண் பிள்ளைகள் ஐந்து பேர் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். நம் வீட்டில் அந்தச் சமயத்தில் சீரியல் லைட் எரியும், குடிலில் வைக்கோல் கிடக்கும், யாராவது மெழுகுவர்த்தியும் ஏற்றி வைத்திருப்பார்கள். கதவைத் தாழ் போடுவதுகூட வேண்டாம்.

எனவே நம் ஆட்டத்தில் யாரும் அறையிலிருந்து தப்பிக்கப் போவதில்லை. பூட்டு பெட்டிக்குத்தான். பெட்டியைத் திறப்பதுதான் ஆட்டம். ஆட்டம் முடியும்வரை மெழுகுவர்த்தி, சாம்பிராணி எதுவும் ஏற்றாதீர்கள். சீரியல் லைட்டின் வயர் பிள்ளைகள் தவழ்ந்து தேடும் இடத்தில் கிடக்கக் கூடாது. ஸ்டூல் போட்டு ஏறும் உயரத்தில் எதையும் ஒளிக்காதீர்கள். சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் தேட ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் ஒரு பையன் பீரோ மேல் நிற்பான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

கதை சிறியதாக இருந்தால் போதும். கத்தோலிக்க வீடுகளில் பலரும் குடிலை முன்னமே கட்டினாலும் குழந்தை இயேசு சுரூபத்தை (சிலையை) மட்டும் 24-ஆம் தேதி நள்ளிரவில்தான் வைப்பார்கள். அதுவரை நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடம்தான் நம் கதை. குடிலில் ஒரு கடிதம் செருகியிருக்கும்: "குழந்தை பத்திரமாக இருக்கிறது. பெட்டியைத் திறக்க மூன்று எண்கள் வேண்டும். 40 நிமிடம் தருகிறேன். இப்படிக்கு, கிறிஸ்துமஸ் தாத்தா."

சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை, பெந்தெகோஸ்தே குடும்பங்களில் பெரும்பாலும் சுரூபம் இருக்காது. அங்கே மரத்தின் உச்சியில் வைக்கும் ஸ்டாரைப் பெட்டிக்குள் வையுங்கள், அல்லது கேக்கை வெட்டும் கத்தியை ஒளித்துவிடுங்கள். கேக் மேஜையில் இருக்கிறது, கத்தி இல்லை. பிள்ளைகளுக்கு இதைவிட அவசரம் கொடுக்கும் கதை வேறு இல்லை. (மழுங்கிய கேக் கத்தியைச் சொல்கிறேன், அரிவாளை அல்ல.)

பூட்டு வாங்கும்போது

இரண்டு வகை போதும். சாவி போடும் சின்னப் பூட்டு ஒன்று, சூட்கேசுக்குப் போடும் மூன்று இலக்க நம்பர் பூட்டு ஒன்று. நாகர்கோவிலில் கோட்டாறு, மீனாட்சிபுரம், செம்மாங்குடி ரோடு என்று எங்கே போனாலும் ஹார்டுவேர் கடையிலோ பேக் கடையிலோ கிடைக்கும். மார்த்தாண்டத்திலும் அப்படித்தான். நான்கு இலக்கம் வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் பொறுமை மூன்றோடு தீர்ந்துவிடும்.

நம்பர் பூட்டில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதல் வருடம் ஆட்டத்தை 24-ஆம் தேதி சாயங்காலம் வைத்தேன். புது எண்ணை மாற்றும்போது ஒரு சக்கரம் நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. பிள்ளைகள் சரியான விடையோடு நிற்கிறார்கள், பூட்டு திறக்கவில்லை. ராத்திரி பூசைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஹாக்ஸா பிளேடு வாங்கி அறுத்து, குழந்தை இயேசுவை வெளியே எடுத்தோம். அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

எனவே மூன்று விஷயம். எண்ணை மாற்றியதும், பூட்டைப் பெட்டியில் மாட்டுவதற்கு முன்னால், கையில் வைத்தே மூன்று முறை பூட்டித் திறந்து பாருங்கள். எண் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை 23-ஆம் தேதியோ அதற்கு முன்னரோ வையுங்கள். எண் மறந்தே போய்விட்டாலும் மூன்று இலக்கத்தில் மொத்தம் 1000 சேர்க்கைதான். ஒன்றுக்கு இரண்டு நொடி வைத்தாலும் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நான் பதற்றத்தில் பிளேடைத் தேடிப் போனேன்.

225, 251 மாதிரி 25-ஐ வைத்து எண் போடாதீர்கள். கிறிஸ்துமஸ் ஆட்டம் என்று தெரிந்ததுமே முதலில் சுற்றிப் பார்ப்பது அதைத்தான்.

புதிர்களை அமைப்பது

இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் புதிர்களை அப்படியே எடுத்து, ஒன்றை முடித்தால் அடுத்தது என்று வரிசையாகக் கோத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் போட்டு முடித்துவிடும். மற்றவர்கள் மறுபடி போனை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஒரே நேரத்தில் மூன்று தடங்கள் ஓடட்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் எண். ஒவ்வொரு தடத்துக்கும் வீட்டில் ஒருவரிடம் மட்டும் பதில் இருக்கட்டும். பாட்டிக்கு ஒன்று, தினமும் பஸ்ஸில் போகிற மாமாவுக்கு ஒன்று, படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. நான் ஆடிப் பார்த்து வைத்திருக்கும் மூன்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

சிவப்புத் தடம். ஓர் அட்டையில் சிவப்பு மையில் "இந்த நாளின் உரு என்ன?" என்று எழுதி, 'உரு' என்பதை மட்டும் பெரிதாக எழுதுங்கள். தமிழ் எண்களில் ௨ என்பது 2. பார்வைக்கு 'உ' போலவே இருக்கும். ௫ என்பது 5, அது 'ரு'. ஆக உரு என்றால் 25. தமிழ் எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதிய தாளை எங்காவது கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வையுங்கள்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. பிள்ளைகள் முதலில் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்து போவார்கள். பிறகு ஒருத்தி நின்று பார்ப்பாள். 25 கிடைத்ததும் எங்கே போக வேண்டும்? சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டருக்கு. டிசம்பர் 25 தாளின் பின்பக்கம் சின்னச் சாவி ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருப்பீர்கள். அந்தச் சாவியில் திறக்கும் தகரப் பெட்டிக்குள் சிவப்பு எண். காலண்டரில் சாவி ஒட்டினால் தாள்கள் உப்பித் தெரியும். தட்டையான சாவியாகப் பார்த்து எடுங்கள்.

பச்சைத் தடம். கிறிஸ்துமஸ் தாத்தா நாகர்கோவிலில் பஸ் ஏறி மார்த்தாண்டம் போகிறார், வழியில் ஆறு இடங்களில் இறங்கிப் பரிசு கொடுத்திருக்கிறார். ஆறு துண்டுச் சீட்டு. முன்பக்கம் ஊர் பெயர், பின்பக்கம் ஓர் எழுத்து. சீட்டுகள் குடிலின் ஆட்டுக்குட்டிக்கு அடியில், சோபா இடுக்கில், செருப்பு ஸ்டாண்டில் என்று சிதறிக் கிடக்கும். பஸ் போகும் வரிசையில் அடுக்கினால் பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சாமியார்மடம். திருப்பினால் அ, ரி, சி, ப், பா, னை. அரிசிப்பானைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் பச்சை எண்.

சென்னைப் பிள்ளைகளுக்கு இந்த வரிசை சுத்தமாகத் தெரியாது. கூகுள் மேப் பார்ப்பேன் என்பார்கள். போனை முதலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். அப்போதுதான் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மாமாவைத் தேடி வருவார்கள். எங்கள் வீட்டில் மாமா வில்லுக்குறியையும் சுங்கான்கடையையும் மாற்றிச் சொல்லிவிட்டு, அப்புறம் அரைமணி நேரம் அதற்குக் காரணம் சொன்னார். உங்கள் வீடு குளச்சல் பக்கமோ குலசேகரம் பக்கமோ என்றால் உங்கள் பஸ் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்களின் எண்ணிக்கையும் ஒளித்த இடத்தின் பெயரில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. மெய்யெழுத்தையும் தனியாக எண்ணுங்கள். அரிசிப்பானையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: "கையைக் கழுவிட்டுப் போடு மக்களே" என்று சொல்ல ஓர் ஆளை அடுக்களையில் நிறுத்திவிடுங்கள்.

மஞ்சள் தடம் பாட்டிக்கு. நான்கு சின்னப் பாட்டில்களைச் சுற்றிக் காகிதம் ஒட்டி உள்ளே இருப்பது தெரியாமல் மறையுங்கள். ஏலக்காய், கிராம்பு, பட்டை, சுக்கு என்று ஒன்றில் ஒன்று. மூடிக்குப் பதில் மெல்லிய துணியைக் கட்டி, பாட்டில்களின் அடியில் 3, 5, 7, 8 என்று எழுதுங்கள். கூடவே கேக் செய்முறை ஒன்று, அதில் ஒரே ஒரு சாமான் மட்டும் விடுபட்டிருக்கும். எது விடுபட்டது என்று கண்டுபிடித்து, அதன் வாசனை உள்ள பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் மஞ்சள் எண். நான் கிராம்பை விட்டுவிடுவேன். நம்ம மலைத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதை நம் பிள்ளைகள் மூக்கால் அறியவில்லை என்றால் எப்படி? பட்டையும் கிராம்பும் வைத்து இளைஞர்கள் தடுமாறுவதைப் பார்க்கவே இந்தப் புதிரை வைக்கலாம். பாட்டி ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு அடுத்த பாட்டிலைத் தொடக்கூட மாட்டார். பொடியாக வைக்காதீர்கள், தும்மல் நிற்காது. முழுதாக வைத்து, அன்று காலையில் லேசாக நசுக்கினால் மணம் நன்றாக எழும்.

மூன்று எண்ணும் வந்தபின் எதை முதலில் போடுவது? வராந்தாவில் மூன்று நிறத்தில் ஸ்டார் கட்டியிருப்பீர்கள் அல்லவா, அதன் வரிசைதான் விடை. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று தொங்கினால் அதே வரிசை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்தே எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் விடை தொங்கிக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஒன்று மட்டும்: மூன்று எண்ணை ஆறு விதத்தில்தான் அடுக்க முடியும். பையன்கள் ஆறையும் சுற்றிப் பார்த்துவிடுவார்கள். தவறான முயற்சி ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் பல்லவியைப் பாட வேண்டும் என்று விதி வைத்தேன். அப்புறம் ஸ்டாரைத் தேட ஆரம்பித்தார்கள்.

வேறு தந்திரங்களும் உண்டு. எலுமிச்சைச் சாற்றில் எழுதிக் காயவைத்த தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் எழுத்து பழுப்பாகத் தெரியும். பெரியவர் கையில் மட்டும் கொடுங்கள். டிசம்பர் ஈரத்தில் தாள் நமத்துப்போனால் எழுதிய தடம் வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும் என்பதால் எனக்கு அது அவ்வளவு பிடிக்காது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சும் அதற்கான பேனாவும் பிள்ளைகளுக்கு மந்திரம் மாதிரி. ஆனால் வெள்ளைத் தாளே அந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னும், எழுத்து அமுங்கிவிடும். பழுப்புக் கவரிலோ பழைய செய்தித்தாளிலோ எழுதுங்கள். டார்ச்சைக் கண்ணில் அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேதாகமத்தை வைத்துப் புதிர் போடும்போது

கவனம் தேவை. நம் மாவட்டத்தில் ஒரே குடும்பத்தில் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் சம்பந்தம் வைத்திருப்பார்கள். இரண்டு தரப்பும் படிக்கும் மொழிபெயர்ப்பு வேறு. எழுத்தை எண்ணும் புதிரில் 'மரியாள்' என்றால் நான்கு, 'மரியா' என்றால் மூன்று. குழந்தையைக் கிடத்திய இடம் ஒரு பைபிளில் முன்னணை, இன்னொன்றில் தீவனத் தொட்டி. ஒருவர் சரியாகச் சொல்லியும் பெட்டி திறக்கவில்லை என்றால் ஆட்டம் அங்கேயே விவாத மேடையாகிவிடும்.

"ஞானிகள் எத்தனை பேர்" என்பதும் அப்படித்தான். மத்தேயு நற்செய்தி மூன்று காணிக்கைகளைச் சொல்கிறது. வந்தவர்கள் இத்தனை பேர் என்று சொல்லவில்லை. எண் வேண்டுமானால் காணிக்கைகளைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ ஆட வருவதும் இங்கே சாதாரணம். எனவே தேவைப்படும் வசனத்தைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். மனப்பாடம் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் பூட்டு வேண்டாம்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்

நான்கு முதல் ஆறு பேர் சரியான கணக்கு. எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் சும்மா நிற்பார்கள். வீட்டில் பதினைந்து பேர் இருந்தால் இரண்டு குழுவாக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஆடவிடுங்கள். முதல் குழு இரண்டாம் குழுவிடம் வாய் திறந்தால் கேக் கிடையாது. குழுவைப் பிரிக்கும்போது அக்கா தம்பியையோ புருஷன் பெண்டாட்டியையோ ஒரே அணியில் போடாமல், சின்னவர், பெரியவர், வெளியூர்க்காரர் மூவரும் கலந்திருக்கும்படி பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தேடுவதே போதும், ஒளித்த சீட்டுகளில் இரண்டை அவர்கள் உயரத்தில் வையுங்கள். கைக்குழந்தை தவழும் வீடு என்றால் சின்னச் சாவி, காந்தம், பட்டன் பேட்டரி எதையும் தரைமட்டத்தில் வைக்கவே வேண்டாம்.

நடத்துபவர், அதாவது நீங்கள், அறைக்குள்ளேயே இருங்கள், ஆனால் பேசாதீர்கள். கேட்டால் மட்டும் குறிப்பு, மொத்தம் மூன்று. ஐந்து நிமிடமாக எல்லாரும் முழித்துக்கொண்டிருந்தால் கேட்காமலே ஒன்று கொடுக்கலாம். "காலண்டரைப் பார்" என்று சொல்லிவிடாதீர்கள். "வீட்டில் தேதி எங்கெல்லாம் இருக்கிறது?" என்று கேளுங்கள். தேட வேண்டாத இடங்களில், பாட்டியின் அலமாரி, பூஜைக்கோ ஜெபத்துக்கோ உள்ள இடம், பிளக் பாயின்ட் இவற்றில், சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்க்கும் ஆளும் உண்டு.

முந்தின நாள் சோதனை

புதிர் போட்ட ஆளுக்கு எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். இரண்டு நிமிடத்தில் முடியும் என்று நான் நினைத்த பஸ் புதிர் இருபது நிமிடம் எடுத்தது. கஷ்டம் என்று பயந்த வாசனைப் புதிர் ஒரே நிமிடம். ஆட்டத்தில் கலந்துகொள்ளாத ஒருவரை, மைனியையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ, கூப்பிட்டு ஒருமுறை ஆடவிட்டு நேரம் பாருங்கள். அவர் எங்கே சிக்கினாரோ அந்த அட்டையை மாற்றி எழுதுங்கள். அவர் ஆடும்போது வாய் திறந்து கேட்ட ஒவ்வொரு கேள்வியும் கடிதத்தில் விட்டுப்போன ஒரு வரி.

கரண்ட் போகும் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மூன்று புதிரில் எதுவும் மின்சாரத்தை நம்பி இருக்கக் கூடாது. ஒரு எமர்ஜென்சி லைட்டைச் சார்ஜில் போட்டு வையுங்கள். இருட்டில் ஆடினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் யாராவது குடிலில் இடறி விழுவார்கள். பல நாள் உழைத்துக் கட்டிய குடில் அது.

இரண்டாம் குழுவுக்கு மறுபடி அடுக்குவது

இதற்கு ஒரு தாள் எழுதி வையுங்கள், மூளையை நம்பாதீர்கள். காலண்டரில் சாவி, ஆறு சீட்டுக்கு ஆறு இடம், அரிசிப்பானை டப்பா, பாட்டில் துணி, தகரப் பெட்டிக்குள் சிவப்பு எண், நம்பர் பூட்டின் சக்கரங்களைக் கலைப்பது. ஒவ்வொன்றாக டிக் போட்டால் பத்து நிமிடத்தில் முடியும். எண்களை மாற்றத் தோன்றும், மாற்றாதீர்கள். மாற்றினால் எங்கோ ஒரு பழைய எண் தங்கிவிடும்.

எல்லாவற்றையும் வைத்தபின், தகரப் பெட்டியை மூடும் முன் ஒரு நொடி உள்ளே எட்டிப் பாருங்கள். அதன் சாவியை அதற்குள்ளேயே வைத்துப் பூட்டியதும் நான்தான். அது இரண்டாம் வருடம். அதே பிளேடுக்காக அதே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. பிளேடை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இந்த வருஷம் யாரை உள்ள வச்சுப் பூட்டின?" என்றார்.